லைசென்ஸ் போனால் என்ன செய்வது?

எங்கள் மாலை வகுப்பு திருவனந்தபுரத்தில் கரமனைக்குப் பக்கத்தில் நடக்கிறது. படிக்க வருபவர்களில் பாதிப் பேர் சாலை பஜாரில் வேலை செய்பவர்கள். சுமை தூக்குபவர்கள் உண்டு. பூக்கட்டுபவர்கள் உண்டு. தமிழ்தான் பேசுவார்கள். மலையாளமும் புரியும். ஆனால் படிக்கத் தெரியாது.

ஒருநாள் இரவு ஓர் அக்கா வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றார். முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்த காகிதம்.

"தம்பி, இது எங்க வீட்டுக்காரருக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி பெட்டியில வெச்சிட்டார். இதுல என்ன இருக்கு? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அவர் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். வாடகை வண்டி. ஒருநாள் இரவு குடித்துவிட்டு ஓட்டினார். கிழக்கே கோட்டைப் பக்கம் போலீஸ் நிறுத்தியது. கருவியில் ஊதச் சொன்னார்கள். பிடிபட்டார். லைசென்ஸை வாங்கி வைத்துக் கொண்டார்கள்.

காகிதத்தைப் படித்தேன். அது ஓர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் உத்தரவு. இரண்டாம் முறையாகக் குடித்து ஓட்டியதால் லைசென்ஸ் ரத்து செய்யப்படுகிறது என்று எழுதியிருந்தது.

"இரண்டாம் முறையா? இதுக்கு முன்னால அவர் பிடிபட்டதே இல்லையே!" என்றார் அக்கா.

உத்தரவை வாங்கிய நாளை எண்ணிப் பார்த்தோம். 22 நாள் ஆகியிருந்தது. மேல்முறையீடு செய்யச் சட்டம் தரும் நாள் 30. மீதி இருந்தது 8 நாள்தான்.

அந்த எட்டு நாளில் நாங்கள் தேடித் தெரிந்து கொண்டதை இங்கே எழுதுகிறேன். வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு குடித்தால் குற்றம்?

நம் நாட்டில் வண்டிகளுக்கென ஒரு சட்டம் உண்டு. அதன் பெயர் மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 185-ஆம் பிரிவு குடித்து ஓட்டுவதைப் பற்றியது.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். ஒரு கிராமை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மில்லிகிராம். அப்படிப்பட்ட முப்பது பங்கு. மிகச் சிறிய அளவு. ஆகவே 'கொஞ்சம்தான் குடித்தேன்' என்ற பேச்சு செல்லாது.

முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை இப்படி உயர்த்தினார்கள். அதற்கு முன் முதல் அபராதம் 2,000 ரூபாயாக இருந்தது.

இந்த அபராதத்தைத் தெருவிலேயே கட்டி முடிக்க முடியாது. வழக்கு கோர்ட்டுக்குத்தான் போகும். ஆனால் இது ஜாமீன் கிடைக்கும் குற்றம். ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை.

ஊதும் கருவி எப்படி வேலை செய்கிறது?

குடித்த சாராயம் வயிற்றிலும் குடலிலும் இருந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. அங்கே கொஞ்சம் ஆல்கஹால் மூச்சுக் காற்றில் சேருகிறது. அந்தக் காற்றைத்தான் கருவி அளக்கிறது. 2,100 மில்லி மூச்சுக் காற்றில் உள்ள ஆல்கஹால் 1 மில்லி ரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்பது பொதுவான கணக்கு. அதை வைத்து ரத்த அளவைக் கருவி காட்டுகிறது.

மோர் குடித்தால் இறங்கிவிடும், எலுமிச்சை கடித்தால் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. வாசனை குறையலாம். ரத்தத்தில் உள்ளது குறையாது. ஈரல் அதை மெதுவாகத்தான் கரைக்கும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். இரவு நிறையக் குடித்தவர் காலையில் ஊதினாலும் பிடிபடலாம்.

கருவியும் தவறு செய்யலாம். வாயில் தங்கிய பொருளால் சில சமயம் தவறான அளவு வரும். அரிஷ்டம், ஹோமியோ சொட்டு மருந்து, வாய் கொப்பளிக்கும் மருந்து ஆகியவற்றில் ஆல்கஹால் இருக்கும். அப்போதுதான் குடித்திருந்தால் கருவி அதைக் காட்டிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஊதினால் வாயில் இருந்தது போய்விடும்.

2025 ஜூலையில் பந்தளத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள அரசு பஸ் டிப்போவில் வேலைக்கு வந்தவர்களை ஊதச் சொன்னார்கள். குடிக்காதவர்களும் சிக்கினார்கள். எல்லோருக்கும் வியப்பு. கடைசியில் பார்த்தால், அவர்கள் பலாப்பழம் சாப்பிட்டிருந்தார்கள்! நன்கு பழுத்த பலாச்சுளை புளிக்கத் தொடங்கும்போது சிறிது ஆல்கஹால் உண்டாகும். இதைச் சோதித்துப் பார்த்து உறுதி செய்த பிறகு அவர்களை விட்டுவிட்டார்கள்.

இன்னொரு செய்தி நம் ஊரைப் பற்றியது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் மீது குடித்து ஓட்டியதாக வழக்குப் போட்டார்கள். அவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025-இல் தீர்ப்பு வந்தது. ஒருவரை ஊதச் சொல்வதற்கு முன் கருவியை வெறும் காற்றில் சோதிக்க வேண்டும். அப்போது பூஜ்யம் காட்ட வேண்டும். இவர் விஷயத்தில் வெறும் காற்றுக்கே பூஜ்யம் வரவில்லை. அப்படிப்பட்ட கருவி தந்த அளவை நம்ப முடியாது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

தராசில் பொருள் வைக்கும் முன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அதே போலத்தான் இதுவும்.

பிடிபட்டால் என்னென்ன உரிமை?

சட்டத்தின் 202, 203, 204-ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன.

சீருடையில் உள்ள போலீஸ்காரர் சந்தேகம் இருந்தால் ஊதச் சொல்லலாம். வண்டி ஓட்டியவரை, அல்லது ஓட்ட முயன்றவரைத்தான் கேட்கலாம். பின்னால் உட்கார்ந்து வந்தவர் மீது இந்தக் குற்றம் சேராது.

ஊத மறுக்காதீர்கள். மறுத்தால் அதுவே உங்களுக்கு எதிராகப் போகும். தக்க காரணம் இல்லாமல் மறுத்தால் அதையும் சாட்சியத்துக்கு வலுவாக எடுத்துக் கொள்ளலாம் என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது.

கைது செய்தால், ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கைது செய்த இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சோதனை நடக்க வேண்டும். இல்லாவிட்டால் காவலில் இருந்து விட்டுவிட வேண்டும்.

ரத்தம் எடுத்துச் சோதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. வெறும் வாசனையும் தள்ளாட்டமும் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? ரத்தத்தில் உள்ளது மணிக்கு மணி குறைந்து கொண்டே போகும். பிறகு எடுத்தால் உண்மை தெரியாது. 2019 ஆகஸ்ட் 3 அன்று நள்ளிரவு தாண்டி, மியூசியம் பக்கத்தில் கார் மோதி கே.எம். பஷீர் என்ற பத்திரிகையாளர் இறந்தார். காரில் இருந்தவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர் குடித்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. ஆனால் ரத்தம் எடுத்தது பல மணி நேரம் கழித்து. அதில் ஆல்கஹால் தெரியவில்லை. நாடே அதைப் பற்றிப் பேசியது. மோட்டார் வாகனத் துறை அவருடைய லைசென்ஸை ஓராண்டு நிறுத்தி வைத்தது.

சோதனை உடனே நடந்தால், தவறு செய்யாதவருக்கு அது காவல். அடிபட்டவர் குடும்பத்துக்கும் அதுதான் நீதி. இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி.

லைசென்ஸை யார் நிறுத்தலாம்?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மூன்று பேரைத் தனித்தனியாக நினைவில் வையுங்கள்.

ஒன்று, போலீஸ். குடித்து ஓட்டியதாக நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பும். உங்களுக்கு ஒரு ரசீது தர வேண்டும். ஆனால் கவனம்! இந்த ரசீதை வைத்துக் கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. வேறு சில குற்றங்களில் தரும் ரசீதை வைத்து ஓட்டலாம். குடித்த வழக்கில் அப்படி இல்லை. 206-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது.

போலீஸ் லைசென்ஸை வாங்கலாம். நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ முடியாது. கல்கத்தா உயர் நீதிமன்றமும் 2022-இல் ஒரு வழக்கில் இதையே சொன்னது.

இரண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகம். 19-ஆம் பிரிவின்படி லைசென்ஸ் அதிகாரிதான் முடிவு செய்வார். முதலில் உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு உங்களை விட்டுவிடலாம். அல்லது முதல் முறை என்றால் மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம். மறுமுறை என்றால் லைசென்ஸை ரத்து செய்யலாம். எதைச் செய்தாலும் காரணத்தை விரிவாக எழுத வேண்டும்.

மூன்று, கோர்ட். குடித்து ஓட்டியது நிரூபணம் ஆனால், அல்லது நீங்களே ஒப்புக்கொண்டால், கோர்ட் தண்டனை தரும். அதோடு லைசென்ஸையும் நிறுத்தும். 20-ஆம் பிரிவின்படி அது ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது.

ஆகவே கோர்ட்டில் 'சீக்கிரம் முடிந்தால் சரி' என்று ஒப்புக்கொள்ளும் முன் வக்கீலிடம் கேளுங்கள். அபராதம் கட்டினால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அபராதத்தின் பின்னாலேயே ஆறு மாதம் வரும்.

நோட்டீஸ் வந்தால்

லைசென்ஸை நிறுத்தும் முன் அலுவலகம் நோட்டீஸ் அனுப்பும். 'உங்கள் லைசென்ஸை ஏன் நிறுத்தக் கூடாது? பதில் சொல்லுங்கள்' என்று அதில் இருக்கும். நேரில் வரச் சொல்லி ஒரு நாளும் குறித்திருக்கலாம்.

இதுதான் உங்கள் முதல் வாய்ப்பு. இதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் வாய்ப்பும் பூட்டுக்குள் போய்விடும். பதில் வராவிட்டால் அதிகாரி தம்மிடம் உள்ள காகிதத்தை வைத்து முடிவு செய்துவிடுவார்.

நோட்டீஸ் வந்ததும் இதைச் செய்யுங்கள்.

வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

உங்கள் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், வண்டி எண் ஆகியவற்றை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊதிய கருவி தந்த சீட்டின் நகல் கேளுங்கள். அதில் தேதி, நேரம், கருவியின் எண், வெறும் காற்றில் காட்டிய அளவு, உங்கள் அளவு ஆகியவற்றைப் பாருங்கள்.

டாக்டர் சோதனை நடந்ததா, எத்தனை மணிக்கு நடந்தது என்று குறித்து வையுங்கள்.

பதிலை எழுத்தில் கொடுங்கள். ஒரு நகலில் அலுவலக முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

மேல்முறையீடு செய்வது எப்படி?

ஆர்.டி.ஓ. உத்தரவு தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும். மேல் அதிகாரி இரண்டு பக்கமும் கேட்பார். அவர் தரும் முடிவே இந்தச் சட்டப்படி இறுதி முடிவு. அதற்கு மேலும் பெரிய தவறு இருந்தால் உயர் நீதிமன்றம் போகலாம். நம் உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்தில் இருக்கிறது.

யாரிடம் மேல்முறையீடு, எவ்வளவு கட்டணம் என்று உத்தரவு தந்த அலுவலகத்திலேயே கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

எந்தக் காரணங்கள் நிற்கும்?

நோட்டீஸ் தரவில்லை. என் பக்கத்தைக் கேட்கவில்லை.

உத்தரவில் காரணம் எழுதவில்லை.

கருவி பூஜ்யம் காட்டவில்லை. அல்லது சீட்டே இல்லை.

நான் வண்டி ஓட்டவில்லை, ஓட்ட முயலவும் இல்லை.

முதல் முறைக்கு இரண்டாம் முறை என்று தவறாக எழுதியிருக்கிறது.

வேறொருவர் செய்தது என் பேரில் ஏறியிருக்கிறது.

எது நிற்காது? 'இதுதான் என் பிழைப்பு, பிள்ளைகள் பட்டினி' என்பது மட்டும் நிற்காது. அது உண்மையாக இருக்கலாம். மனுவில் எழுதவும் எழுதலாம். ஆனால் அதை மட்டும் வைத்து லைசென்ஸ் திரும்ப வராது. கூடவே சட்டப்படியான காரணமும் வேண்டும்.

பொய் எழுதாதீர்கள். குடித்தது உண்மை என்றால் குடிக்கவில்லை என்று எழுத வேண்டாம். ஒரு பொய் வெளிப்பட்டால் பத்து உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

மேல்முறையீடு போட்டவுடனே வண்டி எடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். முடிவு வரும் வரை உத்தரவு நிற்கும். அதை நிறுத்தி வைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். எழுத்தில் அனுமதி வந்தால்தான் ஓட்டலாம். தடை உள்ள காலத்தில் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இன்று எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. வழியில் நிறுத்தி எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும்.

மனு எப்படி எழுதுவது?

கீழே ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் விவரத்தைப் போட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

அனுப்புநர்: (பெயர், தகப்பனார் பெயர், முகவரி)

பெறுநர்: மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள், மோட்டார் வாகனத் துறை, திருவனந்தபுரம்.

பொருள்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 19-இன் கீழ் மேல்முறையீடு.

ஐயா,

நான் ஆட்டோ ஓட்டுநர். என் லைசென்ஸ் எண் ........ . ........ தேதியிட்ட உத்தரவு ........ தேதியில் என் கைக்கு வந்தது. அதன் நகலை இணைத்துள்ளேன்.

அந்த உத்தரவில் கீழ்க்கண்ட தவறுகள் உள்ளன.

1. ........
2. ........

ஆகவே என்னையும் நேரில் கேட்டு, உத்தரவைத் திருத்தும்படி வேண்டுகிறேன். முடிவு வரும் வரை உத்தரவை நிறுத்தி வைக்கும்படியும் வேண்டுகிறேன்.

இணைப்பு: உத்தரவு நகல், லைசென்ஸ் நகல், போலீஸ் தந்த ரசீது.

இடம்: ........ நாள்: ........ கையொப்பம்: ........

இவ்வளவுதான். ஒரு பக்கம் போதும். ஒரு தவறுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. நம் அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, குறையைச் சொல்லி எந்த அதிகாரிக்கும் மனுக் கொடுக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது. நாட்டிலும் மாநிலத்திலும் வழங்கும் எந்த மொழியிலும் அந்த மனுவை எழுதலாம். கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டமும் தமிழருக்கும் கன்னடருக்கும் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத இடம் தருகிறது.

ஆனால் வேலை விரைவாக நடக்க ஒரு யோசனை. தமிழில் எழுதி, கூடவே மலையாளத்திலும் ஒரு நகல் வையுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் எழுதித் தருவார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே?

அதற்கும் வழி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் ஏழைகளுக்கு இலவச வக்கீல் தருகிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், காவலில் இருப்பவர், வருமானம் குறைந்தவர் எல்லோரும் கேட்கலாம். திருவனந்தபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் வஞ்சியூர் கோர்ட் வளாகத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம்.

கோர்ட் வாசலில் நின்று 'நான் முடித்துத் தருகிறேன்' என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

அக்கா வீட்டில் என்ன நடந்தது?

அந்த எட்டு நாள் கதைக்கு வருவோம்.

மறுநாள் அக்கா உத்தரவையும், லைசென்ஸின் பழைய நகலையும் கொண்டு வந்தார். உத்தரவில் முந்தைய வழக்கு ஒன்றைக் குறித்திருந்தார்கள். அதில் ஒரு லைசென்ஸ் எண் இருந்தது. நான் மலையாள வரிகளைப் படித்துக் கொண்டிருந்தேன். அக்காவுக்கு மலையாளம் படிக்க வராது. ஆனால் எண் எல்லா மொழியிலும் ஒன்றுதானே? அவர் விரல் வைத்து ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டார்.

"தம்பி, இங்க பாருங்க. கடைசி ரெண்டு எண் வேற!" என்றார்.

நான் இரண்டு முறை படித்தும் அதைக் காணவில்லை. ஆறு மாதம் முன்பு வரை பஸ் எண்ணைக்கூட அடுத்தவரிடம் கேட்டவர் அவர்.

முந்தைய வழக்கு வேறொருவர் மீது. அவருக்கும் இதே பெயர், இதே இனிஷியல். இரண்டு பேரையும் ஒருவர் என்று எண்ணிவிட்டார்கள். முதலில் வந்த நோட்டீஸிலும் இது இருந்தது. அப்போதே பதில் எழுதியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். அந்த நோட்டீஸும் அதே பெட்டியில்தான் கிடந்தது. யாரும் பிரித்துப் படிக்கவில்லை.

அன்று இரவு அண்ணனும் வந்தார். தலையைக் குனிந்தபடி நின்றார்.

"நான் அன்னைக்குக் குடிச்சது நிஜம். அப்புறம் எப்படி அப்பீல் போடறது?" என்று கேட்டார்.

"அண்ணே, குடித்ததற்கு மூன்று மாதம். அதை ஏற்றுக் கொள்ளுங்கள். ஆனால் செய்யாத தவறுக்கு லைசென்ஸே போக வேண்டுமா?" என்றேன்.

மனுவில் அப்படியே எழுதினோம். குடித்ததை மறைக்கவில்லை. இது முதல் முறை என்றும், எண் வேறு என்றும் எழுதினோம். நகல்களை இணைத்தோம். 27-ஆம் நாள் கொடுத்து முத்திரை வாங்கினோம். பிறகு விசாரணைக்கு அழைத்தார்கள். அக்காவும் கூடப் போனார். அதிகாரி இரண்டு எண்களையும் பார்த்தார். ரத்து உத்தரவை மூன்று மாத நிறுத்தமாக மாற்றினார்.

அந்த மூன்று மாதமும் அண்ணன் வண்டியைத் தொடவில்லை. சாலை பஜாரில் மூட்டை இறக்கினார். அக்கா பூக்கட்டியதில்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவு நடந்தது. காலம் முடிந்ததும் லைசென்ஸ் தானாகத் திரும்பி வராது. ஓட்டுநர் மறுபயிற்சியை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மோட்டார் வாகனத் துறைக்கு மலப்புறம் மாவட்டம் எடப்பாளில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. பயிற்சியையும் முடித்துத்தான் லைசென்ஸ் வாங்கினார்.

கோர்ட் வழக்கு தனியாக நடக்கிறது. அங்கே என்ன தீர்ப்பு வருமோ, வரட்டும். அதற்கு இலவச வக்கீல் வைத்திருக்கிறார்கள். வருகிற காகிதம் எதையும் இப்போது பெட்டியில் வைப்பதில்லை. முதலில் அக்கா படிக்கிறார். புரியாததை வகுப்புக்குக் கொண்டு வருகிறார்.

அண்ணன் குடியை விட்டாரா என்று கேட்பீர்கள். வண்டி எடுக்கும் நாளில் தொடுவதில்லை என்கிறார். அக்கா நம்புகிறார். சாவியைத் தம் கையில் வைத்துக் கொண்டு நம்புகிறார்!

நினைவில் வைப்போம்

குடித்தால் வண்டி எடுக்க வேண்டாம். ஆட்டோவில் பின்னால் இருப்பதும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

பிடிபட்டால் ஊத மறுக்க வேண்டாம். சீட்டைக் கேட்டு வாங்குவோம்.

நோட்டீஸ் வந்தால் அன்றே படிப்போம். எண்களை ஒப்பிடுவோம்.

பதிலை எழுத்தில் கொடுப்போம். முத்திரை வாங்குவோம்.

மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். முதல் நாளிலிருந்தே எண்ணுவோம்.

தடை உள்ள காலத்தில் வண்டியைத் தொட மாட்டோம்.

சொல்லுங்கள் பார்ப்போம்

1. 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம்?
2. லைசென்ஸை நிறுத்தி வைக்கும் அதிகாரம் போலீசுக்கு உண்டா?
3. கைது செய்த எத்தனை மணி நேரத்துக்குள் டாக்டர் சோதனை நடக்க வேண்டும்?
4. உத்தரவில் இருந்த தவறை அக்கா எப்படிக் கண்டுபிடித்தார்?
5. உங்கள் வீட்டுப் பெட்டியில் படிக்காமல் கிடக்கும் காகிதம் ஏதாவது உண்டா? நாளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.